மூடாத கேட்டுக்கு ஒரு நம்பர்

செஞ்சியில் ரயில் கிடையாது. ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் நான் முழு நேரமும் உட்கார்ந்திருக்கிற சொந்த ஊர் இது. டீக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இன்னா சார், நம்ம ஊருக்கு லைன் எப்ப வருது?" ஏதோ தண்டவாளத்தை நான் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருப்பதைப் போல. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு இந்தப் பதிலைச் சொல்ல வாய் கூசாது.

புதிதாக ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ரயிலை எப்படி அனுப்புவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதைப் பயிற்சியில் தலைகீழாக மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். விதியை எப்படி மீறுவது என்று வேண்டுமானால் சொல்கிறேன். புதிதாக வந்தவனுக்கு மீறத் தெரியாது, மாட்டிக்கொள்வான். விதியைக் கரைத்துக் குடித்தவனுக்குத்தான் அதை அழகாக மீறத் தெரியும். அதில் நான் கெட்டிக்காரன்.

சிக்னலிடம் ஒரு நல்ல குணம் உண்டு, உங்களுக்கும் தெரிந்ததுதான். கம்பி அறுந்தாலும், கரண்ட் போனாலும், எலி கடித்தாலும் அது சிவப்பாகத்தான் நிற்கும். விளக்கே அணைந்துவிட்டாலும் அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது தன் மேலேயே அதற்குச் சந்தேகம் வந்துவிட்டால், "என்னை நம்பாதே, நில்" என்று சொல்லிவிடும். இவ்வளவு யோக்கியமான ஒரு பொருள் பழுதாகிற நேரத்தில் அதன் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நாம்தான் வருகிறோம்.

நான் கடைசியாக ரயில் அனுப்பிய ஸ்டேஷன் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெயர் வேண்டாம். ஸ்டேஷனைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் ஒரு ரயில்வே கேட். கேட் மூடிப் பூட்டினால்தான் என் சிக்னல் பச்சையாகும். ஆனால் கேட் மூடியாகிவிட்டது என்று சிக்னலுக்குச் சொல்ல வேண்டிய கேபிள் மாதத்துக்கு ஒரு முறையாவது உயிரை விட்டுவிடும். கேட் என்னவோ நன்றாக மூடும். சிக்னலுக்குத்தான் அது தெரியாது, சிவப்பிலேயே நிற்கும்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? கேட்டுக்குப் போன் போட வேண்டும். கேட்கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு வந்து, தன்னிடம் உள்ள அச்சிட்ட தாளிலிருந்து அடுத்த எண்ணை வாசிப்பார். வாசித்ததும் அதை அடித்துவிடுவார். இதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அதை நான் நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று டிரைவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன். அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: கேட் மூடியிருக்கிறது, மூடியவர் சொல்கிறார்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் அறுவடைக் காலம் முழுக்க நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாதி இறங்கிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைக்கிறவர்கள் வேறு. கேட்டை மூடி, எண்ணை வாங்கி, சீட்டு எழுதி முடிப்பதற்குள் ரயிலுக்கு எட்டு நிமிடம் போய்விடும். அந்த எட்டு நிமிடமும், எல்லா ரயிலையும் தூரத்திலிருந்து போனிலேயே ஓட்டுகிற கன்ட்ரோலில் இருப்பவர் என் காதுக்குள் உட்கார்ந்து, "ஏன் நிக்குது, ஏன் நிக்குது" என்று அரித்துக்கொண்டிருப்பார்.

அதற்குத்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேபிள் போன அன்று முதல் போனிலேயே, "அடுத்த மூணு நம்பரையும் சொல்லிடு" என்று கேட்கீப்பரிடம் கேட்டு வாங்கி ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். மூன்று ரயிலுக்கு மூன்று எண், கைவசம் தயார். ரயில் புறப்படுகிற நேரத்தில் கேட்டுக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடுவேன். ரிங் கேட்டதும் அவர் கேட்டை மூட வேண்டும். இந்தப் பக்கம் நான் சீட்டு எழுதி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கேட் மூடியிருக்கும். இதற்கு அட்வான்ஸ் என்று செல்லப் பெயர் வேறு.

அந்தக் கேட்டில் இருந்த பழைய கேட்கீப்பருக்கும் இது பிடித்துப்போனது. எங்கள் ஸ்டேஷனுக்குக் கன்ட்ரோலில் நல்ல பெயர். கேட் பழுதாகியும் ரயில் தாமதமாகாத ஸ்டேஷன் என்று எனக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது. கேட் பழுதாகியும் ரயில் ஏன் தாமதமாகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல செய்தியை யாரும் விசாரிப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு கேட்கீப்பர் வந்தார். தொண்டூர்ப் பெண். கணக்கில் பட்டம் வாங்கியவர். இன்றைக்கும் பணியில் இருப்பதால் அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். கழனி வேலை செய்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவர் டியூட்டியில் முதல் முறை கேபிள் போனபோது, வழக்கம்போல மூன்று எண் கேட்டேன்.

"மூடாத கேட்டுக்கு எப்படி சார் நம்பர் தர்றது?"

"மூடத்தானம்மா போற?"

"மூடினதும் தர்றேன் சார். ஒண்ணு ஒண்ணாத்தான் தருவேன்."

எனக்கு வந்த கோபத்தில், "உனக்கு யாரும்மா வேல குடுத்தா?" என்று கேட்டுவிட்டேன். "பரீட்ச எழுதி வந்தேன் சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்கு ஒவ்வொரு ரயிலும் எட்டு நிமிடம் தாமதம். புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சரியாகவில்லை. ஆகவே அவர் டியூட்டியில் விதிப்படியும், மற்றவர் டியூட்டியில் என் விதிப்படியும் ரயில் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரே கேட்டுக்கு இரண்டு சட்டம். இரண்டையும் மண்டையில் வைத்துக்கொள்ள என்னால் முடியும் என்று திமிர்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலை பதினொரு மணிக்குக் கேபிள் போனது. கேட்டில் பழைய ஆள் இருந்தார். மூன்று எண்ணையும் வாங்கித் தாளில் எழுதினேன். அவரும் தன் தாளில் மூன்றையும் ஒரேயடியாக அடித்துவிட்டார். இரண்டு ரயில் போனது. இரண்டு எண் தீர்ந்தது.

இரண்டு மணிக்குக் கேட்டில் ஆள் மாறுகிற நேரம். போன் வந்தது. "சார், டியூட்டி எடுத்துட்டேன். கேட் ஃபெயிலியர்ல இருக்குதுன்னு அண்ணன் சொன்னாரு." என் இன்னொரு காதில் கன்ட்ரோல் கத்திக்கொண்டிருந்தது. "சரிம்மா, சரி" என்று வைத்துவிட்டேன். வாய்தான் சரி சொன்னது, மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. எங்கள் ஸ்டேஷனில் நிற்காத வண்டி. சிவப்பைப் பார்த்து நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். ஒருவர் இறங்கி வந்து போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டே, "மக்களே, பாருங்க" என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். கன்ட்ரோல், "என்னய்யா பண்றீங்க?" என்றது. துண்டுத்தாளில் மூன்றாவது எண் இருந்தது. கேட்டுக்கு ஒரு ரிங் கொடுத்து வைத்தேன். எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். சீட்டு எழுதி, உதவிக்கு இருக்கும் பாயின்ட்ஸ்மேன் கையில் கொடுத்து இன்ஜினுக்கு அனுப்பினேன். பச்சைக் கொடியோடு பிளாட்பாரத்துக்கு வந்தேன்.

வண்டி நகர ஆரம்பித்தபோது உள்ளே போன் அடித்தது. நன்றாகக் காதில் விழுந்தது. கன்ட்ரோல்தான், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது நின்று, மறுபடியும் அடித்தது.

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு வண்டி கிறீச்சிட்டு நின்றது. என்ன ஏது என்று புரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. இந்த முறை ஓடிப் போய் எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் முதலில் கேட்டது.

"சார், ரயில நான்தான் நிறுத்திட்டேன். பஸ்சு லைன் மேல நின்னுச்சி. ஆளுங்க உள்ள இருந்தாங்க. நீங்க என்னாண்ட சொல்லவே இல்லியே சார்."

அப்போதுதான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். கேட்டில் பழைய ஆள் இல்லை என்பது மூளைக்குள் இறங்கியது. ஒரு ரிங் என்றால் கேட்டை மூட வேண்டும் என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிய வைத்திருந்தால்தானே தெரியும்? ரிங் அடித்ததும் எடுத்திருக்கிறார், லைன் செத்திருந்தது. திரும்ப அழைத்தால் நான் கொடி காட்டிக்கொண்டிருந்தேன். எதற்கும் கேட்டை மூடிவிடலாம் என்று வெளியே வந்தவர், லைன் மேல் பஸ்ஸையும், தூரத்தில் கிளம்பி வரும் இன்ஜினையும் பார்த்திருக்கிறார்.

ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் நினைத்தது அந்த ஆட்களை அல்ல. பதிவேட்டை.

பதிவேடு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அந்த ரயிலுக்கு, அந்த நேரத்துக்கு, அந்தக் கேட்டின் தாளில் உள்ள எண். அந்தத் தாளிலும் அது முறையாக அடிக்கப்பட்டிருக்கிறது. எண் வந்த நேரத்தில் டியூட்டியில் இருந்தவர் அந்தப் பெண். அதாவது காகிதத்தின்படி, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே மூடிவிட்டதாக எண் கொடுத்தவர் அவர். அதற்கு வேலை போகும். நிரந்தரமாகாத வேலை என்றால் பேச்சே இல்லை. கேட் போனில் பேசுவதையெல்லாம் பதிவு செய்ய ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது பழுது. அது பழுது என்று எழுதி வைத்திருந்தவனும் நான்தான்.

நான்கு மணிக்கு என்னை விடுவிக்க வந்த சக ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். என் வித்தை அவருக்கும் தெரியும், அவரும் செய்கிறவர்தான். "பேப்பர் சுத்தமா இருக்குது. நீ எதுக்கு வாயத் தொறக்கற? பென்ஷன் வாங்கற வயசுல. அது சின்னப் பொண்ணு, வேற பரீட்ச எழுதிக்கும்" என்றார். 'கேட்கீப்பரிடமிருந்து பிரைவேட் நம்பர் பெற்ற பின்னரே அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது' என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எந்தக் கேட்கீப்பரிடமிருந்து என்று மட்டும் எழுதவில்லை. துண்டுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

நான் ஏறியது மதியம் லைன் மேல் நின்ற அதே பஸ். கண்டக்டருக்கு என்னை ரயில்வேக்காரன் என்று தெரியும், எந்த ஸ்டேஷன் என்று தெரியாது. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"சார், முன்னாடி நெல்லு மூட்ட டிராக்டரு. டிரெய்லரு பின்னு கழண்டு குறுக்கால நின்னுடுச்சி. பின்னாடி பூரா வண்டி. இன்னா பண்ண முடியும்? வண்டி உள்ள அனந்தபுரம் சந்தைக்குப் போற பொம்பளைங்க, காலேஜ் புள்ளைங்க. அந்தக் கேட்டுப் பொண்ணு செவப்புக் கொடிய எடுத்துக்கினு செருப்பக்கூட வுட்டுட்டு லைன் மேல ஓடுச்சி சார். ரயிலப் பாத்து நாங்க இந்தாண்ட ஓடறோம், அது ரயிலுக்கு எதிர்க்க ஓடுது. ரெண்டு கரண்டு கம்பம் தூரம்தான் சார் எட, அங்க வந்து நின்னுச்சி இன்ஜினு. உங்க டிபார்ட்மெண்ட்லயும் நல்ல ஆளு இருக்குது."

பின் சீட்டிலிருந்து ஒருவர், "எவனோ ஸ்டேஷன் மாஸ்டரு தூங்கிட்டானாம்" என்றார். தூங்கியிருந்தால் தேவலை. தூங்குகிறவன் ரயிலை அனுப்ப மாட்டான். செஞ்சி வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் விசாரணை. என் ஸ்டேஷனில், என் அறையிலேயே. வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகும்போது எழுந்து என்னைக் கும்பிட்டார்.

பழைய கேட்கீப்பரை முதலில் விசாரித்தார்கள். இரண்டு ரயில், இரண்டு எண், எல்லாம் விதிப்படி என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார். அடுத்து அந்தப் பெண். விசாரிக்க வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

"போன் வந்துதா?"

"வந்துச்சி சார்."

"எடுத்தியா?"

"எடுத்தேன் சார். லைன் கட்டாயிடுச்சி."

"அப்படின்னா இந்த நம்பர் எப்படி இவருக்குப் போச்சு? உன் தாள்ல அடிச்சிருக்கு. இவர் பதிவேட்டுல இருக்கு. டியூட்டில நீ இருந்திருக்க."

இரண்டு நாளாக இதையே சொல்லித்தான் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள், பதிவேட்டைக் கண்ணால் பார்ப்பது இப்போதுதான். அவர் தாளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று வருடம் கணக்குப் படித்தவர் இல்லையா? விடை சரியாக இருந்தது. என்னைப் பார்த்தார். கோபமாகத் திட்டுவார் என்றுதான் நான் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை நானும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்திருப்பேன்.

"சாரு இவ்ளோ வருஷ சர்வீஸு. தப்பா எழுத மாட்டாரு சார்" என்றார் மெதுவாக. "நான்தான் பயத்துல நம்பர குடுத்துட்டு மறந்துட்டனோ என்னவோ. எனக்கு ஒண்ணும் புரியல சார்."

எழுத்தர் அதை அப்படியே எழுத ஆரம்பித்தார். அவர் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அழுதேனா என்று கேட்டால், ஆமாம். சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். என் கையெழுத்தில் மூன்று எண், மேலே காலை பதினொரு மணி என்று நேரம்.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஏன் முதல் நாளே கொடுக்கல?"

"பையில இருந்தது சார்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விதிப்படிதான். என்னை ரயில் அனுப்புகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மிச்ச சர்வீஸ் முழுக்கப் பார்சல் ஆபீஸில் மீன் கூடை எண்ணிக்கொண்டிருந்தேன். பழைய கேட்கீப்பருக்கும் தண்டனை கிடைத்தது. இன்றைக்கும் என்னோடு பேச மாட்டார். அந்தப் பெண்ணுக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. ரயிலை நிறுத்த ஓடும்போது கேட்டை ஆளில்லாமல் விட்டுப் போனது ஏன் என்று விளக்கம் கேட்டு இன்னொரு கடிதமும் வந்தது. இரண்டும் ஒரே உறையில்.

கேபிள் போகிற நாள் உங்களுக்கும் வரும். கன்ட்ரோல் கத்தும். யாராவது உங்களைப் படம் பிடிப்பார்கள். எட்டு நிமிடத்தை எப்படி மிச்சப்படுத்தலாம் என்று அருமையான யோசனை ஒன்று தோன்றும். உங்களுக்கு மூளை இருந்தால் கட்டாயம் தோன்றும். அந்த எட்டு நிமிடத்தைத் தாமதம் என்று உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற எண்ணைப் பார்க்காதீர்கள், அதைச் சொன்ன ஆள் இப்போது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் தன் நைனாவோடு நின்றுகொண்டிருந்தார். மன்னித்துவிடு என்று சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். வார்த்தையை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பேசிவிட்டார்.

"வேல போவும்னுகூட பயப்படல சார். ரெண்டு நாளா சோறு எறங்கல. அவ்ளோ பேர நானே கொல்லப் பார்த்தேன்னு நம்பிட்டேன் சார். நீங்க எழுதி வச்சதால."

பிறகு இரண்டு மணி டியூட்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.